மணியகாரனுக்குப் பின்னால்

அந்தச் சொல்லை முதன்முதலில் போனில்தான் கேட்டேன். நெடுந்தீவில் நான் வாடகைக்கு இருந்த வீட்டின் பின் அறையில், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கண் சொருகிக் கிடந்த நேரம். லண்டனில் இருக்கிற தங்கச்சி வேலைக்குப் போகும் வழியில் எடுத்திருந்தாள். அவளுடைய கொம்பனியில் புதுப் பகுதி ஒன்று தொடங்குகிறார்களாம், அதற்கு அவளைப் பொறுப்பாக விடப் போகிறார்களாம். அவளுக்கு மேலே இருக்கிற பெண், கூட்டத்தில் எல்லோருக்கும் முன்னால் அவளை 'பெல்வெதர்' என்று சொன்னாராம்.

"அது நல்ல சொல்லோ, கூடாத சொல்லோ? நீதானே இங்கிலீஷ் ரீச்சர்."

"நல்ல சொல்லாத்தான் இருக்கும்," என்றேன். தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. அவளுடைய ரயில் ஏதோ சுரங்கத்துக்குள் போயிருக்க வேண்டும், தொடர்பு அறுந்துவிட்டது.

பெல் என்றால் மணி. வெதர் என்றால் காற்றும் மழையும். அப்படித்தான் நான் அதைப் பிரித்துக்கொண்டேன். கடலுக்கு நடுவே ஒரு கம்பம், அதன் உச்சியில் ஒரு மணி, காற்று மாறப்போவதை முன்கூட்டியே அறிந்து அது தானாக அசைகிறது. நித்திரைக்கும் விழிப்புக்கும் இடையில் அந்தக் கம்பம் எனக்கு நன்றாகவே தெரிந்தது. அடியில் பாசி பிடித்திருந்தது. அதன் மேல் ஒரு கடற்பறவை வந்து இருந்தது. பிறகு மணி உண்மையாகவே கேட்டது, வெளியே, வேலிக்கு அந்தப் பக்கம்.

அது வீட்டுக்கார அக்காவின் செம்மறி.

நான் வேலணையில் பிறந்து வளர்ந்தவள். நெடுந்தீவுப் பள்ளிக்கூடத்துக்கு நியமனம் வந்தபோது, வீட்டில் எல்லோரும் வெளிநாட்டில், எனக்காக வேறு இடம் கேட்க ஆளில்லை. திங்கள் விடிய பஸ் எடுத்து, புங்குடுதீவுப் பாலத்தைக் கடந்து, குறிகட்டுவானில் படகு ஏறுவேன். வெள்ளி பின்னேரம் திரும்பி வருவேன். இடையில் இருக்கிற நாட்களுக்கு அந்த அக்காவின் பின் அறை. அவருடைய கணவர் கடல் தொழிலுக்குப் போகிறவர். ஒரே மகள் யாழ்ப்பாணத்தில் விடுதியில் நின்று படித்தாள். முன் அறையில் மாதாவின் படம், அதற்குக் கீழே ஒரு சிவப்பு மின்குமிழ். குசினிக்குப் பின்னால், சுண்ணாம்புக் கற்களைச் சாந்தில்லாமல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டிய வேலிக்குள், செம்மறிகள்.

கடல் என்றால் எனக்குப் பயம். தீவில் பிறந்தவளுக்கு இது என்ன பயம் என்று சனம் கேட்கும். வேலணையிலிருந்து யாழ்ப்பாணத்துக்குத் தரையாலேயே போய்விடலாம், இரண்டு பக்கமும் முழங்கால் தண்ணீர்தான். நெடுந்தீவுக் கடல் அப்படி இல்லை. குறிகட்டுவானில் இறங்கி நின்று, மற்றவர்களின் முகத்தைப் பார்த்துப் பார்த்து, எவராவது சிரித்துக்கொண்டு நின்றால் மெல்லத் துணிந்து படகில் கால் வைப்பேன்.

அன்று பின்னேரம், இன்டர்நெற் இழுக்கிற ஒரே இடமான கிணற்றடிக்குப் போய் நின்று, அந்தச் சொல்லைப் போனில் தேடினேன். நான் பிரித்த விதம் பிழை. அந்த வெதருக்கு எழுத்து வேறு. அது காற்றுமில்லை மழையுமில்லை. நலமடித்த, அதாவது காயடித்த, செம்மறிக் கிடாய்க்கு அந்த நாட்டில் வழங்கிய பழைய பெயர். அதன் கழுத்தில் மணியைக் கட்டி மந்தைக்கு முன்னால் விடுவார்களாம், மற்ற ஆடுகள் ஓசைக்குப் பின்னால் போகுமாம். அதிலிருந்து, யாரைப் பார்த்தால் மற்றவர்கள் அடுத்து என்ன செய்வார்கள் என்று தெரியுமோ அவருக்கும் அந்தப் பெயர். ஒரு ஊருக்கும் சொல்லலாம், ஒரு கடைக்கும் சொல்லலாம்.

நான் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தேன். எங்கள் வீட்டிலேயே ஒன்று நின்றது.

மற்றவை கபிலமும் வெள்ளையுமாக, ஒன்றைப்போல ஒன்று இருக்கும். இது மட்டும் முகம் கறுப்பு, உடம்பு பழைய பாயின் நிறம். பிறந்த உடனேயே தாய் செத்துப்போக, அக்கா இதைக் குசினிக்குள் வைத்து, போத்தலில் பால் கொடுத்து வளர்த்தாராம். அடுப்புச் சூட்டுக்குப் பக்கத்தில் ஒரு சாக்கில் படுத்த ஆடு. வளர்ந்த பிறகு நலமடித்து, நயினாதீவுத் திருவிழாக் கடையில் வாங்கிய பித்தளை மணி ஒன்றைக் கழுத்தில் கட்டிவிட்டார்.

அக்காவுக்கு அந்தச் சொல்லைச் சொன்னேன். தமிழில் இதற்கு என்ன பெயர் என்று கேட்டேன்.

"பேரெண்டு என்ன இருக்கு ரீச்சர். இவர் மணியகாரன் எண்டுதான் கூப்பிடுறவர்."

அவருடைய கணவர் வலையைப் பிரித்துக்கொண்டிருந்தவர் தலை நிமிராமலே சிரித்தார். மணியகாரன் என்பது முந்தி இந்தத் தீவுகளில் அதிகாரம் பண்ணின தலைமைக்காரருக்கு இருந்த பட்டம். அவர் நடந்து வந்தால் சனம் தோளில் கிடக்கிற சால்வையை எடுத்துக் கக்கத்துக்குள் வைக்குமாம்.

"மணியும் இருக்கு, பின்னால சனமும் இருக்கு," என்றார் அவர். "வேறை என்ன வேணும்?"

காலையில் அக்கா படலையைத் திறப்பார். மணியகாரன் முதலில் வரும். வாசலில் நின்று மூக்கை உயர்த்தி ஒருமுறை மணக்கும். அது நிற்கும் மட்டும் மற்றவையும் நிற்கும். பிறகு தெற்குப் பக்கத்துப் புல்வெளிக்கு ஒரு நீளமான, மெதுவான ஊர்வலம். பள்ளிக்கூடத்தில் நான் கரும்பலகையில் எழுதிக்கொண்டு நிற்கும்போது, காற்று அந்தப் பக்கத்தால் வீசினால் மணி கேட்கும். காற்று திரும்பினால் நின்றுவிடும். கொஞ்ச நாளில் வகுப்புப் பிள்ளைகளின் குரலும் அந்த மணியும் கடலின் இரைச்சலும் எனக்கு ஒரே சத்தமாகிவிட்டன. எங்கே எது முடிகிறது என்று பிரிக்க முடியாது. வெள்ளிக்கிழமை வீட்டுக்குப் போனால், வேலணையின் அமைதி காதுக்குள் அடைப்பு மாதிரி இருக்கும்.

கடலைக் கொந்தளிக்க வைக்கும் சோளகக் காற்று தொடங்குவதற்குச் சற்று முந்தி, வாரத்தின் நடுவில் ஒரு போயா விடுமுறை, பூரணை நாள், வந்தது. ஒரு நாளுக்காக இரண்டு தரம் கடலைக் கடக்க எனக்கு மனமில்லை, நின்றுவிட்டேன். அன்று விடிய அக்காவுக்கு விடுதியிலிருந்து போன் வந்தது. மகளுக்குக் காய்ச்சலாம். கணவர் முதல்நாளே கடலுக்குப் போயிருந்தார். அக்கா சீலையைச் சுற்றிக்கொண்டு காலைப் படகுக்கு வெளிக்கிட்டார்.

"ஆடுகள்?" என்று கேட்டேன்.

"படலையைத் திறந்து விட்டாக் காணும் ரீச்சர். மணியகாரன் கூட்டிக்கொண்டு போவான். நீங்கள் ஒண்டும் செய்யத் தேவையில்லை."

அவர் போய்க் கொஞ்ச நேரத்தால் நான் போய்ப் படலையைத் திறந்தேன். மணியகாரன் வந்தது. வாசலில் நின்று மணந்தது. தெற்கே போகவில்லை. மேற்கே, துறைக்குப் போகும் பாதையைப் பார்த்துக்கொண்டு நின்றது. மற்றவை அதன் பின்னால் நின்று அதே பக்கம் பார்த்தன. எதைப் பார்க்கிறோம் என்று அவற்றுக்குத் தெரிந்திருக்காது. நானும் அந்தப் பக்கம் பார்த்தேன். வெள்ளைப் பாதையும், இரண்டு பக்கமும் கல்வேலியும், தூரத்தில் பனைகளும்தான்.

"போ," என்றேன். அக்கா போடுகிற மாதிரி நாக்கால் சத்தம் போட்டேன். அது என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை. பிறகு மெல்ல நடக்கத் தொடங்கியது, துறைப் பக்கம்.

முன்னால் போய் மறிக்கலாம் என்று ஓடினேன். தண்ணீர் கல்லைச் சுற்றிப் போவதுபோல, செம்மறிகள் என்னைச் சுற்றிப் போய்விட்டன. கடைசியில் நானும் பின்னால் நடந்தேன். விடியக் கடலிலிருந்து ஏறிய மூட்டம் இன்னும் முழுதாக விடவில்லை. வெயில் அதற்குள்ளால் பால் நிறத்தில் வந்தது. வெட்டைவெளியில் தீவின் காட்டுக் குதிரைகள் சில நின்றன, கால்கள் தெரியவில்லை, முதுகுகள் மட்டும் மிதந்தன. மணி முன்னால் எங்கேயோ கேட்டது. ஒரு கட்டத்தில் எனக்கு முன்னால் போகிற ஆட்டின் பின்பக்கத்தைத் தவிர வேறெதுவும் தெரியவில்லை. நான் அதைப் பார்த்துக்கொண்டு நடந்தேன், அது தனக்கு முன்னால் போவதைப் பார்த்துக்கொண்டு நடந்தது. கவலை ஒன்றும் வரவில்லை. இவ்வளவு இலகுவாக நான் எங்கேயும் நடந்ததில்லை.

கடைச் சந்தியில் சனம் நின்று பார்த்தது. எட்டாம் வகுப்பில் படிக்கிற ஒருத்தியின் தாய், "என்ன ரீச்சர், இங்கிலீஷ் படிப்பிக்கிறதை விட்டுட்டியளோ?" என்று கேட்டார். நான் சிரித்துக்கொண்டு கடந்தேன். நிற்க முடியாது, நின்றால் ஆடுகள் போய்விடும்.

துறையில் மணியகாரன் தண்ணீர் ஓரம் வரைக்கும் போய்ப் படுத்தது. மற்றவை அதைச் சுற்றிப் படுத்தன. அக்காவின் படகு எப்போதோ போய்விட்டிருந்தது. நான் சீமெந்துத் தூண் ஒன்றின் நிழலில் இருந்தேன். பசித்தது. எழும்பிப் போய் ஒரு பணிஸ் வாங்கி வந்தேன், ஒன்றும் அசையவில்லை. பகல் முழுக்கக் கடல் ஒரே நிறத்தில் இருந்தது, வானமும் அதே நிறம். பார்த்துக்கொண்டிருக்கப் பார்த்துக்கொண்டிருக்க இரண்டுக்கும் இடையில் இருந்த கோடு அழிந்துபோனது. ஆடுகள் அசைபோட்டன. நானும் தூங்கி விழித்து, தூங்கி விழித்து, ஒவ்வொரு முறையும் வேறொரு நாளில் விழிப்பதுபோல விழித்தேன்.

பின்னேரம் படகு வருவதை மணியகாரன்தான் முதலில் கண்டது. எழும்பி நின்றது. மணி ஒருமுறை அடித்தது. எல்லாம் எழும்பின. நானும் எழும்பிவிட்டேன்.

படகில் கயிறு பிடிக்கிற அண்ணை ஒருவர் இருந்தார், பெரிய குரல்காரர். ஒவ்வொரு திங்களும் என்னைக் கண்டு தலையாட்டுகிறவர். கயிற்றோடு கரையில் குதித்தவர், ஆடுகளையும் என்னையும் ஒரு பார்வை பார்த்தார்.

"இதென்ன ரீச்சர், குறிகட்டுவானிலை நடக்கிறதுதான் இஞ்சையும் நடக்குது."

"அங்க என்ன நடக்குது?"

"தெரியாதோ? திங்கக்கிழமையில நீங்கள் ஏறினாத்தானே மற்றச் சனம் ஏறுது. நீங்கள் நிண்டா எல்லாம் நிக்குது."

"நான் மற்றவையைப் பாத்தெல்லே ஏறுறனான்," என்றேன்.

அவர் கயிற்றை முடிந்துகொண்டே சொன்னார்: "இந்தப் படகிலை உங்களைப்போல கடலுக்குப் பயந்த ஆள் வேறை ஒருத்தரும் இல்லை. அந்த ரீச்சரே ஏறிட்டா, பிறகென்ன எண்டு சனம் ஏறுது. நாங்களும் உங்கடை முகத்தைத்தான் பாக்கிறனாங்கள், இண்டைக்கு ஆக்கள் வருவினமோ வராயினமோ எண்டு."

அதற்குள் அக்கா இறங்கி வந்துவிட்டார். மகளுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டதாம், கஞ்சி குடித்தாளாம். மணியகாரன் அவருடைய சீலைத் தலைப்பை மணந்தது, முழங்காலில் முகத்தைத் தேய்த்தது. அக்கா நடக்கத் தொடங்க அது பின்னால் நடந்தது. மற்றவை அதன் பின்னால்.

"இவன் ஒரு நாளும் முன்னுக்குப் போனவனில்லை ரீச்சர்," என்றார் அக்கா, திரும்பிப் பார்க்காமல். "புல்வெளியிலை நான் முதலே போய் நிண்டு கூப்பிட்டுப் பழக்கினனான். அவன் என்னைத் தேடி வாறான். அதுகளுக்கு அவன் வழி காட்டுறானாம்."

"படகிலை சனம் என்னைப் பாக்குதாம். உங்களுக்குத் தெரியுமோ?"

"ஓம், எல்லாருக்கும் தெரியும்."

அன்று நான் கிணற்றடியில் நின்று தங்கச்சிக்கு எடுத்தேன். சொல்லின் இரண்டு கருத்தையும் சொன்னேன், துறைக்குப் போன கதையையும் சொன்னேன். அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

எங்கள் வீட்டில் முதலில் வெளிக்கிட்டவள் அவள்தான். பிறகு தம்பி போனான், பிறகு அம்மா. அப்பா தென்னிலங்கையில் நடத்திய கடையை விட்டு வந்து ஒடுங்கிப்போன நாளிலிருந்து, அவர் இறந்த பிறகும், எங்கள் வீட்டில் முடிவெடுக்கிறவர் என்று ஒருவரும் இருக்கவில்லை. அவள் எடுத்தாள். அவளுக்கு எல்லாம் தெரியும் என்றுதான் நாங்கள் நினைத்தோம்.

"நான் ஆரைப் பாத்து வந்தனான் எண்டு உனக்குத் தெரியுமே அக்கா?" என்று கேட்டாள். "ரியூசனிலை எனக்குப் பக்கத்திலை இருந்த ஒரு பெட்டை. அவள் போறாள் எண்டாள். எனக்கு அவளோடை நல்ல பட்சம். அவள் இல்லாமல் அந்த வகுப்பு வாங்கிலை இருக்க ஏலாமல் இருந்தது. அவ்வளவுதான். வேறை ஒண்டும் யோசிக்கேல்லை."

"அவள் இப்ப எங்கை?"

"ஆருக்குத் தெரியும். இஞ்சை வந்த முதல் வருசத்தோடை விட்டுப்போச்சு."

அவள் பக்கத்தில் பஸ் சத்தம், என் பக்கத்தில் வாளி கிணற்றுச் சுவரில் முட்டுகிற சத்தம்.

"அப்ப அந்த வேலையை எடுக்கிறியோ?" என்றேன்.

"எடுக்கிறன். எனக்குப் பின்னால வாறவைக்கு முதலே சொல்லிப்போடுவன், எனக்கும் வழி தெரியாது எண்டு."

அவள் அப்படியே சொன்னாளாம். அதைக் கேட்டு அவளோடு வேலை செய்கிறவர்கள் நிம்மதியாகச் சிரித்தார்களாம். இப்போதும் அந்தப் பொறுப்பில்தான் இருக்கிறாள்.

எனக்குத்தான் அடுத்த திங்கள் பெரும்பாடாகிப்போனது. குறிகட்டுவானில் பஸ்ஸால் இறங்கியபோது சோளகம் தொடங்கியிருந்தது. தண்ணீர் இருண்டு, மேலே வெள்ளை வெள்ளையாக உடைந்துகொண்டிருந்தது. சனம் வழமைபோலக் குந்தியும் நின்றும் கதைத்தும் கொண்டிருந்தது. இப்போது எனக்குத் தெரியும். மரக்கறிக் கூடையோடு நின்ற மனுசி கதைத்துக்கொண்டே என் பக்கம் ஒரு கண் வைத்திருந்தார். தபால் கந்தோருக்குப் போகிறவர் பேப்பருக்கு மேலால் பார்த்தார். எவ்வளவு காலமாக இப்படிப் பார்த்தார்கள்? நான் அவர்களைத் தைரியத்துக்காகப் பார்த்த நேரமெல்லாம் அவர்கள் என்னைப் பார்த்திருக்கிறார்கள். சிரித்தவர்கள் என் முகம் தெளிந்ததைக் கண்டுதான் சிரித்திருக்கிறார்கள்.

முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. தைரியமாக வைத்தால் பொய். பயமாக வைத்தால் ஒருவரும் ஏற மாட்டார்கள், அவரவருக்கு எவ்வளவு அலுவல். கடைசியாக ஏறுவோம், அப்போது பழி இல்லை என்று ஒதுங்கிப்போய் ஒரு கல்லில் இருந்தேன். உடனே நின்றுகொண்டிருந்தவர்களில் பாதிப் பேர் குந்திவிட்டார்கள்.

கயிற்றுக்கார அண்ணை கரைக்கு வந்தார்.

"ரீச்சர், ஏறுறதெண்டா ஏறுங்கோ, இல்லாட்டி வீட்டை போங்கோ. இப்பிடிக் குந்திக்கொண்டு இருந்தா இண்டைக்குப் படகு போகாது."

"கடல் எப்பிடி அண்ணை?"

"கொஞ்சம் ஆட்டும். போகலாம். போக ஏலாதெண்டா நான் கூப்பிடுவனே? எனக்கும் பிள்ளையள் இருக்கு."

அவருடைய முகத்தைப் பார்த்தேன். அதில் ஒளிவு மறைவு இருக்கவில்லை. எழும்பினேன். கால் நடுங்கியது. மறைக்கவில்லை. படகின் ஓரத்தைப் பிடித்து, நடுங்கிய காலையே வைத்து ஏறினேன். பின்னால் செருப்புகளின் சத்தம் கேட்டது.

கொஞ்சம் ஆட்டவில்லை, நன்றாகவே ஆட்டியது. நடுக்கடலில் படகு ஏறி இறங்கும்போது வயிறு ஒரு கணம் பிந்தி வந்தது. எனக்குப் பக்கத்தில் கைப்பிள்ளையோடு ஒரு இளம் பெண் இருந்தாள். கலியாணம் முடித்து நெடுந்தீவுக்குப் போனவளாம், பிள்ளை பிறந்த பிறகு இதுதான் முதல் பயணமாம். என் கையை இறுக்கிப் பிடித்தாள்.

"நீங்கள் ஏறினதைப் பாத்துத்தான் நான் ஏறினனான்," என்றாள்.

"எனக்குச் சரியான பயம் பிள்ளை," என்றேன்.

"தெரியும். நீங்கள் நடுங்கி நடுங்கி ஏறினதைக் கண்டனான். பயத்தோடையும் ஏறலாம் போல கிடக்கு எண்டு நினைச்சன்."

நாங்கள் இரண்டு பேரும் கண்ணை மூடிக்கொண்டோம். பிள்ளை மட்டும் விழித்துக்கொண்டு, கூரையில் ஓடுகிற தண்ணீர் வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததாக எதிரில் இருந்த மனுசி பிறகு சொன்னார். அலை ஏறியது, இறங்கியது. அவளுடைய உள்ளங்கைச் சூட்டை மட்டும் பிடித்துக்கொண்டு கடந்தேன். ஒரு நேரத்தில் ஆட்டம் நின்றது. கண்ணைத் திறந்தால் நெடுந்தீவின் பனைகள்.

பயம் அதற்குப் பிறகு முழுதாகப் போனது என்று சொல்ல மாட்டேன். கொஞ்சம் கொஞ்சமாக அதற்கு வயது போனது. வேலணைக்கு மாற்றம் கிடைத்தபோது இன்னும் ஒரு வருடம் இருக்கிறேன் என்று கேட்டு வாங்கினேன். ஏன் என்று அதிபர் கேட்டார். அக்கா கேட்கவில்லை. அந்த வருடம் மணியகாரனுக்கு மூட்டு இறுகிவிட்டது. மந்தையின் கடைசியில் நொண்டி நொண்டிப் போனது. முன்னால் அக்காவே நடந்தார், கையில் ஒரு பிடி குழையோடு. ஆடுகள் ஒரு வித்தியாசமும் இல்லாமல் பின்னால் போயின.

அந்தக் கடைசி வருடத்தில், மாசி மாதம், கடல் எண்ணெய் ஊற்றியதுபோல அசையாமல் கிடந்த ஒரு திங்கள். குறிகட்டுவானில் யார் முதலில் ஏறினார்கள் என்று எனக்கு நினைவில்லை. நான் ஒரு ஓரத்தில் இருந்து, தலையைக் கம்பியில் சாய்த்தேன். எஞ்சின் ஒரே சுருதியில் ஓடியது. தண்ணீருக்கு அடியில் பாசி, அதற்கு மேலே வெளிச்சம், அதற்கு மேலே நாங்கள் போனோம்.

யாரோ தோளில் தட்டினார்கள். கயிற்றுக்கார அண்ணை.

"ரீச்சர், எழும்புங்கோ. எல்லாரும் இறங்கிப் போட்டினம்."

படகு வெறுமையாக இருந்தது. என்னுடைய பை பக்கத்தில் அப்படியே இருந்தது. நான் இறங்கி, கண்ணைக் கசக்கிக்கொண்டு நடக்கத் தொடங்கினேன். வெள்ளைப் பாதையில் முன்னாலும் ஆளில்லை, பின்னாலும் ஆளில்லை. பள்ளிக்கூட மணி அடிக்க இன்னும் நேரம் இருந்தது.